மருந்து குடித்தாரா, அடித்தாரா?

நம் பள்ளத்தாக்குக்கு மாற்றலாகி வரும் புதுச் செவிலியர் பிள்ளைகள் முதல் விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போவீர்கள். பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று, தொங்கும் குலையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுப்பீர்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்து முடித்ததும் அப்படியே தலையைத் தூக்கிக் கொஞ்சம் மேலே பாருங்கள். இலை, கொடி, குலை எல்லாம் உங்கள் தலைக்கு மேல்தான் இருக்கின்றன. அந்த இலைக்குப் பூச்சிமருந்து அடிப்பவர் மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும். அடித்தது எல்லாம் இலையிலேயே நின்றுவிடாது. ஒரு பங்கு அவர் மேலேயே சொட்டும்.

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிரிவு உபசாரத்தன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். "நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும், அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. நான் எழுத நினைப்பது கேள்வி கேட்பதைப் பற்றி.

கேள்வி கேட்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நான் போடி கடைவீதியில் ஒரு ஏலக்காய்க் கடைக்காரரின் மகள். கடைக்கு வருகிறவர் எதை வாங்க வந்தாரோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விசாரிப்பார். மழை எப்படி, மலையில் காய் எப்படி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று சுற்றி வளைத்து, கடைசியில் படி இறங்கும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் அப்படித்தான். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்பார்கள். அந்தச் சும்மாவை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடக் கூடாது.

வடுகபட்டியில் இருந்து ஒரு பூண்டு வியாபாரி அடிக்கடி வருவார். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்பார். ஈ.சி.ஜி. எடுப்போம், ஒன்றும் இருக்காது. சங்கோஜமாகச் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போவார். எங்கள் பிள்ளைகளில் சிலர் அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நான் மட்டும் அவர் கிளம்பும்போது "திரும்ப அப்படி இருந்தா உடனே வாங்க, யோசிக்காதீக" என்று சொல்லி அனுப்புவேன். ஒருநாள் வந்தார், அன்று ஈ.சி.ஜி. வேறு மாதிரி இருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். ஒன்றுமில்லாததற்கு வந்தவர் என்று நாம் ஒரு தடவை முகம் சுளித்திருந்தால் அன்றைக்கு அவர் வீட்டிலேயே சோடா குடித்துவிட்டுப் படுத்திருப்பார். அவர் வந்ததற்கு இன்றும் நான் நன்றி சொல்கிறேன்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் மருந்து என்பது ஒரு சொல் அல்ல. கூட வரும் வினையைப் பார்த்துத்தான் அது எந்த மருந்து என்று தெரியும். மருந்து சாப்பிட்டார் என்றால் மாத்திரை. மருந்து அடித்தார் என்றால் தோட்ட வேலை. மருந்து வைத்தார் என்றால் காயத்துக்காகவும் இருக்கலாம், எலிக்காகவும் இருக்கலாம். குழந்தை மருந்து குடித்தது என்றால் டானிக். ஆனால் வளர்ந்த ஆள் ஒருவர் மருந்து குடித்தார் என்றால் அது வேறு. அந்தச் சொல் வந்தால் வீட்டில் அழுகை கிளம்பும், தெருவில் கூட்டம் கூடும், ஊர் தானாக ஒரு கதை கட்டும். வெளியூரில் படித்துவிட்டு வரும் உங்களுக்கு இந்த வித்தியாசம் காதில் விழாது. அன்று பணியில் இருந்த டாக்டருக்கும் விழவில்லை.

அவர் நல்ல டாக்டர். வடக்கே எங்கேயோ படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவர். கை சுறுசுறுப்பு, கோபம் கிடையாது, டீ வாங்கினால் எங்களுக்கும் சேர்த்து வாங்குவார். எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும் பிடிபடாது. "வந்தாக, சொன்னாக என்கிறார்களே, அது யார் சிஸ்டர்?" என்று ஆரம்பத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை அது. மத்தியான வெயிலில் திராட்சைப் பெட்டி ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் பெட்டிகளுக்கு நடுவே ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் தலையை மனைவி மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டி வந்தது அந்த அம்மாவின் தம்பி. அவர் குதித்து இறங்கிய வேகத்தைப் பார்த்ததுமே நான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அவசர ஊர்தியைக் கூப்பிட்டிருந்தால் வழியிலேயே ஆக்சிஜன் வைத்திருப்பார்கள். ஏன் கூப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சைரன் தெருவுக்குள் வந்தால் ஊரே வாசலில் நிற்கும், அதற்குப் பயந்து பெட்டி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

உள்ளே கொண்டுவந்து கட்டிலில் போட்டோம். ஆள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். வாயில் எச்சில் நூலாக வடிந்தது. மூச்சில் கரகர சத்தம். தொடைச் சதை தன்னால் துடித்தது. ஆனால் உடுப்பைப் பார்த்தால் பெண் பார்க்கக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கழுத்தெல்லாம் பவுடர். நம் ஊரில் டவுனுக்கு வருவதென்றால் நோயாளியாகவே வந்தாலும் நல்ல துணியில்தான் வர வேண்டும். எத்தனை பேருக்குச் சட்டை மாற்றி விடுவதிலேயே நேரம் போயிருக்கிறது என்று உங்களுக்கே இனிமேல் தெரியும்.

டாக்டர் கண்ணிமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பூச்சிமருந்து என்று அவர் நினைத்தது முழுக்கச் சரி. சரியான சந்தேகத்தைத்தான் அவர் தப்பான வார்த்தையில் கேட்டார்.

"மருந்து குடிச்சாரா? சொல்லுங்கம்மா, மறைக்காதீங்க."

வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாக அது வந்து விழுந்தது. ஆபத்தான நேரத்தில் யாருக்கும் குரல் உயரும், அதில் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த அம்மாவின் முகம் என் கண் முன்னாலேயே கதவை அடைத்துக்கொண்டது.

"இல்லீக. கல்யாண வீட்டுச் சாப்பாடு. கறி சேரல போல" என்றார்.

"எந்தக் கல்யாணம்? எப்போ சாப்பிட்டார்?"

"நேத்து… இல்ல, முந்தாநாளு."

தம்பி முன்னால் வந்தார். "என்ன சார் கேக்குறீக? யாரப் பாத்து என்ன கேக்குறீக? எங்க மச்சான் அப்படிப்பட்ட ஆளா? அக்கா, எந்திரி. இங்கன வேணாம், தேனிக்குக் கொண்டு போயிருவோம்."

சொல்லிக்கொண்டே மச்சானின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துவிட்டார். டாக்டர் அதற்குள் ஊசியைப் போட ஆரம்பித்திருந்தார். இந்தப் பக்கம் ஒருவர் ஊசி போட, அந்தப் பக்கம் ஒருவர் தூக்க, நடுவில் அந்த மனிதரின் நெஞ்சு கரகரத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வண்டியில் ஏற்றினால் அவர் தேனி போய்ச் சேரமாட்டார் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

தம்பி தூக்கியபோதுதான் நான் சட்டையைக் கவனித்தேன். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஆனால் தோள்பட்டை இரண்டிலும், காலர் ஓரத்திலும் மட்டும் ஈரம் பழுப்பாக ஊறியிருந்தது. வேர்வை பழுப்பாக ஊறாது. பருத்திக் காட்டில் மருந்து அடித்தவருக்குக் காலும் வேட்டியும் நனையும். தோள் நனைகிறதென்றால் அது பந்தல். குனிந்து முகர்ந்தேன். மேலே பவுடர் வாசம், அதற்குக் கீழே குப்பென்று தோட்டத்து மருந்து வாசம்.

மருந்து வாய் வழியாகப் போயிருக்கும் என்று நினைத்து டாக்டர் வயிற்றைக் கழுவுவதற்கு ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தார். மருந்தோ தோலில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஊசி போட்டுக்கொண்டே இருப்போம், அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நான் டாக்டரிடம் சட்டையைக் காட்டினேன். அவர் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்.

"என்ன மருந்து, எவ்வளவு நேரமா உடம்புல இருக்கு, வாய்க்குள்ளயும் போச்சா, எல்லாம் எனக்குத் தெரியணும் சிஸ்டர். அவங்க சட்டையக் கழட்டவும் விட மாட்டேங்கிறாங்க, என்கிட்ட சொல்லவும் மாட்டாங்க. நீங்க கேளுங்க. இவரத் தூக்கிட்டுப் போகாம நான் பிடிச்சு வச்சுக்கிறேன்."

அந்த அம்மாவைக் கையைப் பிடித்துக் கட்டுப் போடும் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. தோட்டத்துக்காரியிடம் தோட்டத்துக்காரி கேட்பதைப் போலக் கேட்டேன்.

"ஏத்தா, மாவுப்பூச்சிக்கு இன்னைக்கு யாரு மருந்து அடிச்சது? ஆளு விட்டீகளா, அவுகளே அடிச்சாகளா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதடு திறந்தது. திறந்த உதட்டில் இருந்து வந்தது பதில் அல்ல, கேள்வி.

"போலீசு வருமா சிஸ்டர்?"

பிள்ளைகளே, என் வேலையில் நான் மிகவும் பயந்த இடம் இதுதான். வராது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நொடியே உண்மை வந்துவிடும், ஆளும் பிழைப்பார். பிறகு காவல் நிலையத்தில் இருந்து ஒருவர் விசாரிக்க வரும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து என்ன நினைப்பார்? அடுத்த தடவை அந்தத் தெருவில் யாருக்காவது இப்படி ஆனால் அவர்களிடம் என்ன சொல்வார்? வரும் என்று சொன்னால் இப்போதே வாயை மூடிக்கொண்டு தம்பியோடு கிளம்பிவிடக் கூடும். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கணவரின் மூச்சுச் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டுக்கொண்டிருந்தது.

"தகவல் போகும்த்தா" என்றேன். "மருந்து எந்த வழியா ஒடம்புக்குள்ள போனாலும் நாங்க சொல்லியாகணும். அத நான் மறைக்க முடியாது. ஆனா என்ன நடந்துச்சோ அதத்தான் டாக்டர் எழுதுவாரு. நடந்தது ஒனக்குத்தான தெரியும்? நீ சொல்லலைன்னா அவரு என்னத்த எழுதுவாரு?"

அவர் சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டார்.

"வர்ற வாரம் எம் மகளுக்குப் பரிசம் போடுறாக சிஸ்டர். பழத்துக்கு வெல இல்ல, பந்தல்லயே கெடக்கு. மனசு ஒடஞ்சு மருந்தக் குடிச்சிட்டான்னு ஊருல ஒருத்தன் சொன்னாப் போதும். அவ வாழ்க்க போச்சு. அந்த டாக்டரு எல்லாரு முன்னாலயும் அப்படிக் கேட்டாருல்ல? வெளிய நின்ன சனம் இந்நேரம் போன் போட்டிருக்கும்."

தராசின் ஒரு தட்டில் மகளையும் இன்னொன்றில் புருஷனையும் வைத்துக்கொண்டு அவர் நின்றார். நான் அவர் கையை விடாமல் பிடித்திருந்தேன். அவர் கையிலும் லேசாக மருந்து வாசம் அடித்தது.

பிறகு அவரே முந்தியை எடுத்தார்.

"அவுகதான் அடிச்சாக. காலைல இருந்து அவுகதான். வர்றேன்னு சொன்ன ஆளு வரல. பந்தல் தாழ்வா கெடக்கு சிஸ்டர், தலையெல்லாம் ஊத்துச்சு. தலைக்கு ஒரு துண்டத்தான் கட்டியிருந்தாக. வந்ததும் கண்ணு இருட்டுதுன்னு படுத்துட்டாக."

"வாய்க்குள்ள போச்சா?"

"இல்ல சிஸ்டர், எம் மக மேல சத்தியமா இல்ல."

"குளிச்சாகளா?"

"இல்லயே. வெயிலுதான்னு நெனச்சு மோரு கொடுத்தேன், வாந்தி எடுத்தாக. அதுக்கப்புறம் பதறிப்போயி, நனஞ்ச பனியன் மேலயே நல்ல சட்டையப் போட்டுக் கூட்டியாந்துட்டேன். அழுக்குச் சட்டையோட எப்படிக் கூட்டியாறது?"

அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். "அடிச்சிருக்காரு டாக்டர், குடிக்கல, உடம்பு கழுவல" என்று நான் சொன்னது அவருக்குப் போதும். கையுறை போட்டுக்கொண்டு அந்த வெள்ளைச் சட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டினோம். உள்ளே பனியன் பிழிந்தால் வடியும் அளவுக்கு இருந்தது. சோப்பும் தண்ணீருமாகத் தலைமுடியில் இருந்து கால்வரை கழுவினோம். தூக்கிக்கொண்டு போக வந்த தம்பியிடமே ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து "வாளியப் பிடிப்பா" என்றேன். அவர் அழுதுகொண்டே பிடித்தார். டாக்டர் ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் குவளையுமாக நின்றார்.

எந்த மருந்து என்று தெரிய வேண்டியிருந்தது. டப்பாவை வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். அந்த அம்மா வீட்டில் இருந்த மகளுக்குப் போன் போட்டார். "ஏத்தா, அந்த டப்பாவ எடுத்துப் படம் பிடிச்சு அனுப்பு. வெறுங்கையால தொடாத" என்றார். அந்தப் பெண் எதற்கு என்று கேட்கவில்லை, அழவும் இல்லை. டப்பாவின் நாலு பக்கத்தையும் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினாள். பரிசத்துக்குக் காத்திருந்த பெண் அவள்தான்.

சாயங்காலம் வாக்கில் நெஞ்சின் கரகர சத்தம் அடங்கியது. எச்சில் வற்றியது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, அன்று முதல்முறையாகத் தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து அந்த அம்மாவிடம் போனார்.

"நான் கேட்ட விதம் தப்பும்மா. மன்னிச்சுக்கங்க."

டாக்டர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று அந்த அம்மா நினைத்தே பார்த்ததில்லை. "உசுரக் காப்பாத்துனீக, போதும்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நானும் கொஞ்சம் அழுதேன். காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது உடம்பில் பட்டு நேர்ந்த பாதிப்பு என்றுதான் டாக்டர் எழுதினார். வந்த போலீஸ்காரரும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "பாத்து அடிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் இதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். பந்தலுக்குள் மருந்து அடித்துவிட்டு வந்தவருக்குக் கண் மங்கினால், வாயில் எச்சில் ஊறினால், நெஞ்சை அடைத்தால், வேர்த்து வாந்தி வந்தால், சதை துடித்தால், அது வெயிலா மருந்தா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். அது வரும்வரை நனைந்த துணியை முழுக்கக் கழற்றி, சோப்புப் போட்டுத் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். கழுவுகிறவர் வெறுங்கையால் கழுவ வேண்டாம். மோர், உப்புத் தண்ணீர் என்று வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். டப்பாவை ஒளிக்காமல், முடிந்தால் அதன் படத்தையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால், அடிக்கிறவர் தலை, தோள், முகம், கை எல்லாவற்றையும் மூடிக்கொள்ள வேண்டும், காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது, நடுவில் பீடியோ வெற்றிலையோ கூடாது, முடித்ததும் வீட்டுக்குள் நுழையும் முன் குளிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது குற்றவாளியிடம் பேசுவதைப் போலப் பேசாதீர்கள். நாம் சாப்பிடுகிற பழத்துக்காகத்தான் அவர் நனைகிறார்.

மறுநாள் காலையில் நான் பணிக்கு வந்தபோது நடைபாதையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், தோளில் துண்டு, முகத்தில் கடுகடுப்பு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் திரும்பினார்.

"இங்கன ஓடப்பட்டியில இருந்து மருந்து குடிச்ச கேசு ஒண்ணு வந்துச்சாம்ல?"

"அப்படி யாரும் இங்க இல்லய்யா" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு மேல் நோயாளியைப் பற்றி யாரோ ஒருவரிடம் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவர் யார் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. வாசலில் நின்ற சனம் போட்ட போன் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.

நாங்கள் பேசிய சத்தம் கேட்டு அந்த அம்மா வார்டில் இருந்து வெளியே வந்தார். மாப்பிள்ளையின் அப்பாவைக் கண்டதும் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, நேராக நின்று, நடைபாதையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"குடிக்கல. மருந்து அடிச்சாக, மேல பட்டுருச்சு. உள்ளதான் இருக்காக. நீங்களே வந்து கேளுங்க."

முந்தின நாள் கதவைச் சாத்திய அறைக்குள் முந்தியைப் பொத்திக்கொண்டு பேசியவர் இவர்தானா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அந்த நிமிடத்துக்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். உண்மையைச் சொன்னால் தன் வீட்டுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும் எங்களை நம்பி அவர் சொன்னார். எங்கள் ஊசியும் தண்ணீரும் அதற்குப் பிறகுதான் பலித்தன. இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த நம்பிக்கைகளை எல்லாம் நினைத்துக் கர்த்தருக்கு நன்றி சொல்லும்போது அந்த அம்மாவின் முகம்தான் முதலில் வருகிறது.

பெரியவர் உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, நான் வேறு வேலையில் இருந்தேன். வெளியே வந்தபோது கடுகடுப்பு இல்லை. அந்த அம்மாவிடம், "அவரு எந்திரிச்சு நடக்கட்டும்த்தா, அதுக்கப்புறம் நாளப் பாத்துக்கிருவோம். பரிசம் எங்கயும் போயிறாது" என்றார். அந்த அம்மா அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார்.

பெரியவர் வாசல் வரை போனார். போனவர் திரும்பி, கடையில் படி இறங்குகிறவர் நிற்பதைப் போல நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், சும்மா ஒண்ணு கேக்கணும். கண்ணு மங்கலாத் தெரியிறதும், வாயில எச்சி ஊறுறதும் இதுலதான் வருமா?"

"ஏன்யா?"

"போன மாசம் எனக்கும் வந்துச்சு. வீட்டுல கூடச் சொல்லல. சொன்னா என்னன்னு நெனப்பாக? பையன் கல்யாணம் வேற பேசிக்கிட்டு இருக்கோம்." குரலைத் தாழ்த்தித்தான் ஆரம்பித்தார். "நேத்தும் நான் அடிச்சேன். ராத்திரியில இருந்து கண்ணு தெளியல."

நான் சீட்டு எழுதுகிற பெண்ணைப் பார்த்தேன். அவள் பேனாவை எடுத்து, பெயரைக் கேட்டுவிட்டு, "என்ன தொந்தரவுன்னு எழுதணும்?" என்றாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். நடைபாதை பெஞ்சுகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், அதில் பாதிப் பேர் அவரை அறிந்தவர்கள். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, தாழ்த்திய குரலை உயர்த்திச் சொன்னார்.

"மருந்து அடிச்சேன்னு எழுதும்மா."

கடைசிப் பெஞ்சில் காய்ச்சல் என்று சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து, அவருக்குப் பின்னால் நின்றார். கையில் இருந்த சீட்டை நீட்டி, "எனக்கும் இத மாத்தி எழுதிருங்க" என்றார்.